உங்கடை இல்லை

என் ஆசை அப்பாவுக்கு,

அன்று ஆயரிடம் நீங்கள் சொன்னதில் இரண்டு சொற்களை நான் சொல்லவில்லை.

செவன் கிங்ஸில் உள்ள எங்கள் கோயிலின் திறப்பை, கதவுச் சாவியை, கேட்டு ஆயர் வந்த நாள் அது. மூடப்போன கோயிலுக்குக் கூரை போட்டுத் தமிழ்ப் பூசை தொடங்கியவர் நீங்கள். பங்குச் சபைத் தலைவர் என்று திறப்பும் உங்களிடம்தான். "படிச்ச இங்கிலிசை எடுத்து விடு, பிள்ளை" என்று என்னை மொழிபெயர்க்க இருத்தினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஆண்டகை, இது எங்கடை கோயில். உங்கடை இல்லை."

முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். மற்றது முகத்தில் அறைவதுபோல் இருக்குமென்று பயந்தேன். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று ஆயர் நினைத்துவிட்டார். "ஆம், நம்முடைய கோயில்" என்று உங்கள் கையைப் பிடித்தார். ஆங்கிலத்தில் எங்களுடையதற்கும் நம்முடையதற்கும் ஒரே சொல்தான், அப்பா. நானோ, அவர் ஒத்துக்கொண்டதுபோல, "ஓமாம்" என்று மட்டும் உங்களிடம் சொன்னேன்.

வாசலில், சபையில் உங்களோடு இருந்த சூசை மாமா, "அண்ணை, ஆயரையே மடக்கிப்போட்டியள்!" என்றார்.

"நான் எங்கை மடக்கினது? மனுசன் தானா விழுந்தார்" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது ஆயரின் கடிதம் வந்திருக்கிறது. திறப்பை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்துப் பங்கோடு சேர வேண்டுமாம். உங்களுக்குப் பின் சபையை நடத்தும் சூசை மாமா கத்துகிறார்: "அண்ணைக்குக் கைகுடுத்து ஒத்துக்கொண்டவர், ஆள் போனவுடனை வாக்கு மாறுறார். பொய்யன்! திறப்புத் தரேலாது!" சபை முழுக்க அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அப்படியொரு வாக்கே இல்லையென்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒன்றிலும் மனம் தரிக்கவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மன்காரர், தாங்கள் கட்டிய கோயில்களை ஆயர்களின் பெயருக்கு எழுதிக்கொடுக்க மறுத்த கதைகளை வாசிக்கிறேன். அவர்கள் மறுத்தது ஆயர்களுக்கு விளங்கியிருக்கிறது. உங்கள் மறுப்பை நான் விழுங்கிவிட்டேனே? முழுதாகச் சொல்லியிருந்தால் அன்றே சண்டை வந்திருக்கும். வந்தால் என்ன? சண்டை பிடிக்க நீங்கள் இருந்திருப்பீர்கள், இல்லையா?

ஞாயிறு பூசை முடிய எழும்பிச் சொல்வேன், அப்பா. பிழை உங்களுடையதும் இல்லை, ஆயருடையதும் இல்லை என்று சொல்வேன்.

உங்கள் மூத்தவள்

ஞாயிறு பின்னேரம்: சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. சூசை மாமா திறப்பை ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.