திரையில் நின்ற படகு

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் வாலுப் பெண்ணும் சுகம். உனக்கு இருமல் விட்டதா?

வாலுவுக்கு நீ ஏற்பாடு செய்த மூளைப் பயிற்சிக்குத் தவறாமல் போகிறோம். முதல் நாளே சொதப்பிவிட்டேன். பிள்ளை பளிச்சென்று போகட்டும் என்று தலை நிறைய எண்ணெய் தடவிக் கூட்டிப்போனேன். தலையில் ஒட்டவேண்டிய ஒயர் ஒட்டவே இல்லை. பயிற்சி கொடுக்கும் பெண், என்ன பாட்டி, எண்ணெய் மூளை வரைக்கும் இறங்கியிருக்கும் போலிருக்கே என்று சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

தலையில் ஒயர், எதிரே திரை, அதில் ஒரு படகு. கையே வைக்கக் கூடாது. மூளையின் அலை சீராக வந்தால் படகு தானாக ஓடுமாம், தடுமாறினால் நின்றுவிடுமாம். பழகப் பழக வகுப்பில் கவனம் நிற்கும் என்கிறார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பின்னால் உட்கார்ந்து, விடாதே, முயற்சி பண்ணு என்று கத்தினேன். படகு நின்றே போயிற்று. முயற்சி பண்ணினால் ஓடாதாம்! ஐந்தாம் வகுப்பு வரை எனக்கு எந்த வாத்தியாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு என்னை வெளியே உட்காரவைத்துவிட்டாள்.

ஆனால் வாலு கெட்டிக்காரி. இப்போது படகை அக்கரை வரை விடுகிறாள். என் பேத்தியாக்கும்! நடுவில் மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள்.

நேற்று பாட்டிக்கும் மாட்டுங்கள் என்று ஒரே அடம். மாட்டினார்கள். படகு ஜம்மென்று போனது. அங்கே உன் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கட்டுமா என்று நீ கேட்டது அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது. படகு நின்றது. உடனே வாலு, பாட்டி, அம்மாவை நினைச்சியா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நினைப்பதையெல்லாம் இந்த மெஷின் காட்டிக்கொடுக்குமா என்று கேட்டேன். அது அலையை மட்டும்தான் அளக்கும், யாரை நினைக்கிறோம் என்று அதற்குத் தெரியாது என்றாள் அந்தப் பெண். அப்படியென்றால் வாலுவுக்கு எப்படித் தெரிந்தது? நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது.

தாராளமாக நீட்டிக்கொள் என்று போனில் வீறாப்பாகச் சொன்னேன். இப்போதும் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து, முதல் நாள் நான் உட்கார்ந்த அந்த நாற்காலியில், அவளுக்குப் பின்னால் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம். படகு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு நீயே முடிவு பண்ணு.

நோய்நொடி அண்டாமல் நன்றாயிரு, கண்ணே.

உன் அம்மா