கயிற்றைப் பிடித்து நின்ற சடையன்

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு, கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் என் பிரியமானவருக்கு,

உங்களுக்கு எழுத்து தெரியாது. அப்புறம் எதற்குக் கடிதம் என்று யாராவது கேட்கலாம். எப்போதும் போல நானே வாசிக்கிறேன். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு கேளுங்கள்.

நம் கதை புத்தகமாக வந்துவிட்டது. காதர் பாய் தன் டீக்கடைக்கு வாங்கிப்போடும் வாரப் பத்திரிகையை நீங்கள் இரவல் வாங்கி வருவீர்களே, அதில் வந்த அதே தொடர்கதைதான். கெட்டி அட்டை. அட்டையில் குதிரைமேல் இளவரசன் இளமாறன், பின்னால் மந்திரக்காரி மழையைப் பூட்டிவைத்த மலை. ஓடக்காரன் சடையன் எங்காவது ஓரத்திலாவது இருக்கிறானா என்று தேடினேன். இல்லை.

திண்டுக்கல்லில் அந்தக் கதைக்கு இத்தனை பிரியர்கள் இருந்தது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. வாசகர் மன்றத்தார் விழா எடுத்தார்கள், ரசிகர்களின் நினைவுகளைத் தொகுத்து விழா மலர் போட்டார்கள். ஒருவர் தன் மகனுக்கு இளமாறன் என்று பெயர் வைத்தாராம். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோதெல்லாம் மழை மலையை நினைத்துக்கொண்டதாக வடமதுரையிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். பொய்யில்லை. கதை வந்த அந்தக் கோடையில் நாமும் அப்படித்தானே இருந்தோம்? மலை திறந்துவிடும் என்று நான் வாசித்தபோது நீங்கள் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். நான் சிரித்தேன்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் முடி சுரண்டிக்கொண்டே, நான் வாசித்ததை மறுநாள் நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்வீர்கள். நான் ஒரு பங்கு வாசித்தால் நீங்கள் மூன்று பங்கு சொல்வீர்கள் என்று காதர் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் நெருப்பாற்றுப் பகுதி வந்த பிறகு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றைக் கடக்க இளமாறன் கயிற்றில் தொங்கிக்கொண்டு போகிறான். இந்தக் கரையில் நின்று சடையன் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். இளவரசன் அக்கரை சேர்ந்து குதிரையேறிப் போய்விடுகிறான். அடுத்த வாரம் சடையனைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"ஏ மேரி, நல்லாப் பாரு. பக்கத்தத் தாண்டிட்டியா?"

"தாண்டலைங்க. இம்புட்டுதான் போட்டிருக்கு."

"அப்ப அவன் கயித்த விட்டானா இல்லையா? கையி வெந்திருக்குமே புள்ள."

உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னீர்கள். சுண்ணாம்பு தின்று நகம் கரைந்துபோன கை.

அந்தச் சமயத்தில்தான் கதை எழுதியவர் நம் ஊருக்குப் பேச வந்தார். நீங்கள் வேலைக்குப் போகவில்லை. சோப்பு போட்டு இரண்டு தடவை குளித்தீர்கள், கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டீர்கள். மண்டப வாசலில் பேட்ஜ் குத்தியிருந்த ஒருவன் உங்களைக் குனிந்து முகர்ந்தே பார்த்தான்.

"தோல் ஷாப்பு ஆளா? செத்த நேரம் வெளியில நில்லுங்க. உள்ள பெரிய மனுசங்க இருக்காக, வாடை தாங்காது. அம்மா வேணும்னா போகட்டும்."

நான் திரும்பிவிடலாம் என்றேன். "நீ போ. நீ போயிக் கேளு. நான் இங்கன நிக்கிறேன்" என்றீர்கள்.

போனேன். பேச்சு முடியும்வரை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் எழுந்தேன். "ஐயா, நெருப்பாத்துல கயிறு புடிச்ச சடையன் என்ன ஆனாரு?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சடையனா? யாரது?" என்றார். யாரோ எடுத்துச் சொன்னதும் சிரித்துவிட்டார். "கதை ஓடுற வேகத்துல ஒண்ணு ரெண்டு பேர் விட்டுப்போகும்மா. இளமாறன் பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டான் இல்லையா, அது போதும்." மண்டபமே சிரித்தது. நல்ல மனிதர்தான், கடுகடுவென்று பேசவில்லை. அதனால்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

வெளியே வந்து நடந்ததை அப்படியே உங்களிடம் சொன்னேன். வெயிலில் நின்று உங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எழுதுனவரே மறந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டீர்கள். மறு வாரம் பத்திரிகையை எடுத்தபோது, "வேணாம் மேரி, மடிச்சு வையி" என்றீர்கள். அதோடு நம் வீட்டில் கதை வாசிப்பது நின்றது. சோறு போட்டேன், சாப்பிட்டீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துக் கையை விரித்த நாள்வரை நமக்குள் வேறு என்ன பேச்சு இருந்தது?

நீங்கள் போனது இந்தி எதிர்ப்பு நடந்த வருஷத்துத் தை மாதம். கடைகள் அடைத்துக் கிடந்தன. பெட்டிக்கு ஆணி வாங்கக்கூட காதர் பாய் யார் வீட்டுக் கதவையோ தட்ட வேண்டியிருந்தது. மண் போட்டு முடித்த பிறகு உங்களோடு முடி சுரண்டிய ராசு என்னிடம் வந்தான். ஆறுதல் சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.

"மதினி, சடையன் ஊரு வந்து சேர்ந்தானான்னு அண்ணன் சொல்லாமயே போயிட்டாரே. ஒங்ககிட்டச் சொன்னாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன்தான் விளக்கினான். மண்டபத்துக்குப் போய்வந்த மறுநாளே தொடங்கினீர்களாம். சடையன் கயிற்றைப் பாறையில் கட்டிவிட்டு ஆற்றோரமாகவே நடந்தானாம், சாம்பல் காட்டில் பேசும் நரியைப் பிடித்தானாம், ஊருக்குத் திரும்பும் வழியைத் தேடிக்கொண்டே போனானாம். வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். பத்திரிகையில் கதை முடிந்த பிறகும் உங்கள் கதை முடியவில்லை.

ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை? மண்டபத்தில் அவர்கள் சிரித்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். உட்காரவில்லை. அதையாவது நினைத்துப் பார்த்தீர்களா? அல்லது, அந்தப் பெயரை எடுத்தாலே எனக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டீர்களா? எது என்று தெரியாமல் நான் எத்தனை காலம் இருப்பது?

மலருக்கு நானும் எழுதிக் கொடுத்தேன். இதையெல்லாம்தான் எழுதினேன். மன்றத்துச் செயலாளர் வீடு தேடி வந்தார்.

"அம்மா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா வாசல்ல நிறுத்துனது, தோல் வாடை, இதெல்லாம் வேணாமே. ரசிகர் நினைவுன்னா இனிப்பா இருக்கணும். கதை எழுதுன ஐயாவும் விழாவுக்கு வாராரு."

"அப்படின்னா குடுங்க" என்று தாளை வாங்கிக்கொண்டேன். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தாரின் விழா நடந்தது. நான் காதர் பாய் கடைக்குப் போனேன். ராசுவும் மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக நீங்கள் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னார்கள். நரியைப் பற்றி இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது. கடைசியில், "முடிவ நீங்க சொல்லுங்க மதினி" என்றார்கள்.

சொன்னேன். சடையன் ஊருக்கு வந்து சேர்ந்தான். மழை கொட்டுகிறது. ஊரே இளமாறனுக்கு விழா எடுக்கிறது. கோட்டைக் காவல்காரன், நீ யார் என்று கேட்கிறான். சடையன் வெந்துபோன இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுகிறான். காவல்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டீ ஆறிப்போனது. ராசுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணன் இருந்தா அவன இப்படி விட்டுருக்க மாட்டாரு மதினி."

"மாட்டாருதான். சொல்றது நான்ல?" என்றேன்.

உங்களுக்கு இந்த முடிவு பிடிக்காது. எனக்குத் தெரியும். சண்டை போடவாவது ஒரு தடவை என் சொப்பனத்தில் வாருங்கள், வந்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அதுவரை யார் கேட்டாலும், எந்த மேடைக்குக் கூப்பிட்டாலும், நான் பார்த்ததைத்தான் சொல்வேன். யாருக்காகவும் அதில் சர்க்கரை போட மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்களோடு பேச்சு முடியாத உங்கள் மனைவி,
லூர்து மேரி