ரங்கூன் இப்போது மதியச் சாப்பாட்டுத் தூரம்

என் அன்பு நைனா,

ரங்கூன் போய்விட்டு வந்தேன். கப்பலில் இல்லை, ஏரோப்ளேனில். நீ உயிரோடு இருந்திருந்தால், "இன்னாடி, கதை வுட்டுகினு கீற?" என்று சிரித்திருப்பாய்.

அக்கா மகளுக்கு மாதா கோயிலில் உறுதிபூசுதல். நான்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று அக்கா புருஷன் டிக்கெட் வாங்கி அனுப்பியிருந்தார். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அக்கா வயிற்றில் இருந்த பிள்ளைதான், நைனா. நிறைமாதக்காரியால் மலை ஏற முடியாது என்று அக்காவை அவள் புருஷனோடு அங்கேயே விட்டுவிட்டு, தாயில்லாத என்னை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு நடந்தாயே, அப்போது.

சண்டை முடிந்தபின் ராயபுரத்துக்குப் பக்கத்திலிருந்தே ரங்கூனுக்கு எத்தனையோ கப்பல் போயின. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நீ ஒன்றிலாவது ஏறினாயா? "கதவ சாத்தினவ வூட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு போவேன்?" என்பாய். நாம் கிளம்பிய அன்று அக்கா வாசலுக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டாளே, அது சாகும்வரை உன்னை அறுத்தது.

மீனம்பாக்கத்தில் ஏறி, கல்கத்தாவில் தங்கி, மறுநாள் காலையில் வேறு விமானம். பக்கத்து இருக்கை வியாபாரியிடம், "ரங்கூனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"மதியச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்மா. மெட்ராசிலேருந்து கடல் மேல நேரா கோடு கிழிச்சா ஆயிரத்துச் சொச்சம் மைல்தான்."

'தான்' என்கிறார், நைனா!

கடலைத் தாண்டியதும் அரக்கான் மலை வந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் பச்சை. மடிப்புக்குப் பின்னால் மடிப்பு, முடிவே இல்லை. அங்கே எங்கோதான் மூங்கில் கணுவில் தேங்கிய தண்ணீரை எனக்குக் கொடுத்துவிட்டு நீ வெறும் வாயோடு நடந்தாய். உன் கால் நகங்கள் கழன்று விழுந்தது எந்த மடிப்பில்? வாரக்கணக்கில் நீ ஏறி இறங்கிய மலை, நான் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் பின்னால் போய்விட்டது. மனுஷன் இதிலெல்லாம் நடக்க முடியுமா? அதுவும் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு? என்னை அறியாமல் கைகூப்பினேன்.

அக்கா வீட்டுக்குப் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நைனா மேல அவ்ளோ கோவமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"கோவமா? தெருமுனை வரிக்கும் போறாரு, என்னைப் பாத்து அழுதுகினே திரும்பி வராரு. ரெண்டு வாட்டி அப்படி. இன்னொரு வாட்டி வந்தா போவவே மாட்டாரு, உன்னையும் சேத்து இங்கியே சாவக் குடுத்துடுவாருன்னுதான் சாத்துனேன். கதவு பின்னால வாயில துணிய அடைச்சிகினு அழுதேன்டி. நைனாவுக்கு அது தெரியும்தானே?"

"தெரியும்க்கா" என்றேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா நைனா?

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அக்கா உன் பேத்தியோடு விமானத்தில் வருகிறாள். காசிமேட்டுக் கல்லறைக்கு நானே கூட்டிவருவேன். அவள் உன்னிடம் பேசவேண்டியது நிறைய இருக்கிறது. பேசி முடிக்கும்வரை நான் தள்ளி நிற்பேன்.

உன் சின்ன மகள்,
ஸ்டெல்லா