உதயா படித்த சமையலறை

அன்புள்ள கோமதிக்கு,

மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உதயாவுக்கென்று ஆசையாகக் கட்டியதுதான். ஆனால் நம் பெண் ஒருநாளும் அங்கே உட்கார்ந்து படிக்கவில்லையே. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொள்வாள்.

"மேல தனியா குந்திகினு என்னா பண்றது? நீங்க ரெண்டு பேரும் பேசிகினு இருந்தாதான் எனக்குப் படிப்பு ஏறும்" என்பாள்.

அந்தச் சமையலறைக்குள்தான் என்னால் போக முடியவில்லை. சாப்பாடு, டீ எல்லாம் கடையில்தான். காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று நீ அரைத்து வைத்த மாவு அப்படியே இருந்தது. நேற்றுதான் தறியிலிருந்து எழுந்து போய், அதைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினேன். பிறகு அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு ரேணுகாக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, போயி கோமதிய இட்டுகினு வந்துடுப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்துக்கு, உன் அம்மா வீட்டுக்கு வருகிறேன். உன்னை அழைத்துவர அல்ல. உதயா இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னது நியாயம்தான். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். இன்னும் நான் அழவில்லை, கோமதி. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்