புருனே ஆற்றில் கரையாத அஸ்தி

அச்சுதனுக்கு,

டப்ளினில் அப்பாவுக்கு நீ நடத்திய இரங்கல் கூட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். "ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லாம பிரிட்டிஷ்காரன் புருனேயை விட்டுட்டுப் போனான். எங்கப்பா அந்த நாட்டோட பிள்ளை" என்று பேசியிருக்கிறாய். எல்லோரும் கைதட்டினார்கள்.

எண்பத்து நான்கில் சுல்தான் சுதந்திரம் அறிவித்தபோது அப்பா உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "டேய், இனிமே இது நம்ம நாடுடா!" என்று கத்தினார். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். பிரிட்டிஷ் பாதுகாப்பில் நாடு இருந்த வரைக்கும் "நீ யார்?" என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. சுதந்திரம் வந்ததும் கேட்டார்கள். குடியுரிமைக்காக மலாய்த் தேர்வு எழுதினார். எழுதிய ஒவ்வொரு முறையும் இல்லை என்றார்கள். கடைசியில் எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமல்தான் அமெரிக்காவில் எடிசனுக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு, "தம்பி எப்ப வர்றான்?" என்று தினமும் கேட்டார். உனக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்தது.

இப்போது புருனே ஆற்றில் கரைக்க வேண்டும், அஸ்தியைக் கொடு என்கிறாய். அவரை வேண்டாம் என்ற ஊருக்கு அவரை நான் அனுப்ப மாட்டேன். நேற்று நானும் என் மகள் வெண்பாவும் இங்கே பக்கத்தில் ஓடும் ராரிட்டன் ஆற்றில் கரைத்துவிட்டோம்.

"மாமா டிக்கெட் புக் பண்ணிட்டாரேம்மா?" என்றாள்.

"கேன்சல் பண்ணிக்கட்டும்."

இனி இங்கே வராதே.

அப்பாவுடன் இருந்தவள்