பனி முதலில் உருகுகிற சரிவு

லாங்கே மலை,
செப்டம்பர் 20

அன்புள்ள தம்பி ரெமோவுக்கு,

அண்ணி மரியூச்சா எழுதுகிறேன். நாங்கள் ஏதோ இருக்கிறோம். கனடாவில் உங்களைக் கடவுள் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இத்தனை வருஷத்தில் எந்தக் கடிதத்துக்கும் நீங்கள் பதில் போட்டதில்லை. அதற்காக நான் சும்மா இருந்துவிடுவேனா?

இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் தெற்குச் சரிவில் நெபியோலோ திராட்சை கொடியிலேயே சுருங்கிவிட்டது. வாயில் போட்டால் வெறும் இனிப்பு, புளிப்பு துளியும் இல்லை. எப்போதும் வாங்குகிற ஒயின்காரர் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, இது பீப்பாய்க்கு லாயக்கில்லை என்று போய்விட்டார். 

மாமனார் பாகம் பிரித்தது உங்களுக்கு மறந்திருக்காது. குளிர்காலப் பனி முதலில் உருகுகிற தெற்குச் சரிவு மூத்தவருக்கு, வெயில் எட்டாத வடக்குச் சரிவு உங்களுக்கு. முயலுக்குப் புல் வளர்க்கலாம் என்று ஊரே சிரித்தது. நீங்கள் ரோஷத்தில் அங்கேயும் நெபியோலோ நட்டீர்கள். வெயில் போதாமல் அது பழுக்கவே இல்லை. கப்பலேறிவிட்டீர்கள்.

நேற்று உங்கள் அண்ணன் அந்த வடக்குச் சரிவுப் பக்கம் போனார். முட்புதருக்கு நடுவே உங்கள் கொடி ஒன்று மரமேறி, கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கிறதாம். ஒன்று பறித்து வந்திருக்கலாமே என்றேன்.

"அது அவன் பூமி. கேக்காம கால் வைக்க மாட்டேன்" என்றார். சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "பனி மொதல்ல உருகுற எடம்னு அப்பா எனக்குக் குடுத்தாரு. பனியே விழாத ஊர்ல நான் என்னடி பண்றது?" என்றார்.

உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் தபால்தலை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

நிலம் கேட்டு எழுதவில்லை தம்பி. இன்றைக்கு அங்கே கொடி நட்டாலும் அது ஒயினாவதற்குள் நாங்கள் இருக்கமாட்டோம். பிள்ளைகுட்டியும் இல்லை. தெற்குச் சரிவுக் கொடிகளைப் பிடுங்கி அடுப்பில் வைக்கப்போவதாகச் சொல்கிறார். நான் தடுக்கப்போவதில்லை. எனக்கும் தெம்பில்லை.

உங்கள் கொடியிலிருந்து ஒரே ஒரு கொத்து பறித்துக்கொள்ளலாமா? கூடாது என்றாவது எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் வந்தால், அதைக்கூட அவர் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்.

உங்கள் வாசலிலாவது பனி தவறாமல் விழட்டும்.

இப்படிக்கு,
அண்ணி மரியூச்சா