கீழ்த்தளத்தில் இருந்தவர்களின் பட்டியல்

சின்னவளுக்கு,

இங்கு நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் நலம் என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி, எனக்குப் பதில் தெரியவில்லை. கடற்படை ஆவண அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் தாளை உன் மாமாவிடம் படித்துக் காட்டலாமா, வேண்டாமா? உனக்குப் பாதிதான் தெரியும் என்பதால் முழுதும் சொல்கிறேன். என் அப்பா போரில் கைதியானபோது மாமாவுக்கு ஏழு வயது, நான் பிறந்திருக்கவில்லை. கைதிகளை ஏற்றிப்போன ஒரு கப்பலை, உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் நம் தரப்பு நீர்மூழ்கியே தாக்கி, ஜூன் மாதம் மூழ்கடித்தது. அதில் அப்பா இருந்திருக்கலாம் என்று மட்டும் தகவல் வந்தது. ஐந்து மாதம் கழித்துக் கைதி முகாமிலிருந்து அவருடைய கார்டு வந்தது. நலம் என்று அச்சடித்த வரியின் கீழ் அவர் கையெழுத்து, மேலே நவம்பர் முத்திரை. ஜூனில் செத்தவர் நவம்பரில் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்பதுதான் அன்றிலிருந்து மாமாவின் வாதம். அம்மாவும் அதை நம்பி அந்த முகாமுக்கு இன்னும் ஒரு வருஷம் கடிதம் எழுதினாள். எனக்குப் பல் முளைத்ததைக்கூட எழுதினாளாம். போர் முடிந்து பதக்கங்கள் தபாலில் வந்தபோது, பிரித்தால் அவர் செத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பிரிக்கவில்லை. அவளுக்குப் பிறகு மாமாவும் பிரிக்கவில்லை. பீரோவை ஒழுங்குபண்ணும்போதெல்லாம் மாமி, "உங்க அப்பாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க, துணி வைக்க இடமில்ல" என்பார். மாமாவும் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைத் தள்ளி வைப்பார்.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை. அந்த முத்திரை தணிக்கைக்காரர்கள் போட்டது என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். மாமாவிடம் சொல்லாமல் போன வருஷம் அலுவலகத்துக்கு எழுதினேன். வியாழக்கிழமை பதில் வந்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்களின் பட்டியல், மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில் அப்பா, பணி எண்ணோடு. கார்டுகளைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கிவிட்டார்கள், தணிக்கையில் தேங்கிக் கிடந்தன என்றும் ஒரு பத்தி இருக்கிறது. படித்துவிட்டு முப்பத்தெட்டு விடைத்தாள் திருத்தினேன். அழுகை வரவில்லை. வரவேண்டுமா என்றும் தெரியவில்லை. உன் அப்பா, "இத்தனை வருஷம் ஓடிப்போச்சு, இனிமே எதுக்கு அந்த மனுஷனைப் போய் நோண்டிக்கிட்டு" என்கிறார். மாமாவுக்குக் கண் அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, அவராகப் படிக்க முடியாது. நான் மறைத்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. அதுதான் உறுத்துகிறது. மற்றபடி மாடித் தொட்டி ஒழுகுவது நின்றது. உன் அப்பா இருமல் மருந்தைக் குடிக்காமலே குடித்ததாகச் சொல்கிறார். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, வீட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உடம்பும் மனசும் தெம்பாக, நினைத்தது கைகூடி நன்றாக இரு. மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, பெரிய எழுத்தில்.

அம்மா

மறுநாள் சேர்த்தது: இன்று காலை மாமா வீட்டுக்குப் போனேன். கார்டுகளைப் பற்றிய பத்தியையும் விடாமல் படித்தேன். பட்டியலில் அப்பாவின் பெயர் வந்ததும் நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்டே? அடுத்ததைப் படி" என்றார் மாமா. கடைசிப் பெயர் வரைக்கும் படிக்க வைத்தார். தாள் பறந்ததால் நடுவில் மாமி மின்விசிறியை நிறுத்தினார். முடித்ததும், "இவ்வளவு பேர் வீட்டுக்கும் கார்டு வந்திருக்கும், இல்ல?" என்று மாமா கேட்டார். வந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். முடிச்சு அவிழவில்லை, கத்தரித்தேன். மெழுகுத்தாளில் நான்கு பதக்கங்கள், எதிலும் பெயர் பொறிக்கவில்லை. ரிப்பன்களைத் தனியாக மடித்து வைத்திருந்தார்கள். எந்த ரிப்பன் எந்தப் பதக்கத்துக்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அப்படியே மேஜைமேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.